சினமும் மதுவும் எதிரே வரும்போது

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்தையும் கேரளத்தையும் பிரித்து நிற்கிறது. அம்மலையின் மீது ஏறியும் அதன் இடைவெளியில் புகுந்தும் செல்லும் சாலைகள் இரு மாநில மக்களையும் நாள்தோறும் சேர்த்து வைக்கின்றன. கோவையையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544, பாலக்காட்டுக் கணவாயின் வாயிலான வாளையாற்றில் எல்லையைக் கடக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், கோபாலபுரம் ஆகிய ஊர்கள் வழியாகச் சிறு சாலைகள் சித்தூர் வட்டத்துக்குள் நுழைகின்றன. தெற்கே உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும், போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் மலைச்சாலைகள் ஏறி இடுக்கி மாவட்டத்தை அடைகின்றன.

இச்சாலைகளில் செல்வோர் அனைவரும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர், காய்கறி ஏற்றிச் செல்லும் வணிகர்கள், கோவைக் கல்லூரிகளில் பயிலும் பாலக்காட்டு மாணவர்கள், கார்த்திகை மார்கழியில் மாலையணிந்து செல்லும் ஐயப்ப பக்தர்கள் என இச்சாலைகளை நம்பி வாழ்வோர் பல்லாயிரவர். அவர்களுள் நம் வாடிக்கையாளர்களும் பலர்.

நாம் விதிகளை மதித்து, நிதானமாக வண்டி ஓட்டுவது பாதுகாப்பின் முதற்பாதி மட்டுமே. எதிரே வருபவர் குடித்திருக்கலாம். பின்னால் வருபவர் சினத்தில் இருக்கலாம். நாம் அமர்ந்திருக்கும் பேருந்தை ஓட்டுபவரே எல்லை மீறிய வேகத்தில் செல்லலாம். இம்மூன்று நிலைகளிலும் நாம் செய்யத்தக்கது என்ன, தவிர்க்கவேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறோம்.

இரண்டு நிகழ்வுகள், இரண்டு பாடங்கள்

2022 அக்டோபர் 5ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரிக்கு அருகே அஞ்சுமூர்த்திமங்கலத்தில், உதகைக்குச் சுற்றுலா சென்றுகொண்டிருந்த பள்ளி மாணவர்களின் பேருந்து, முன்னால் சென்ற கேரள அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தின் பின்புறத்தில் மோதிக் கவிழ்ந்தது. மாணவர் ஐவர், ஆசிரியர் ஒருவர், அரசுப் பேருந்தில் பயணம் செய்த மூவர் என ஒன்பது உயிர்கள் பறிபோயின. மோதுவதற்குச் சற்று முன் சுற்றுலாப் பேருந்தின் வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டராகப் பதிவாகியிருந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் முறைகேடு செய்யப்பட்டிருந்தது என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் சுற்றுலாப் பேருந்துகள் சோதனையிடப்பட்டன.

மணிக்கு 97.7 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27 மீட்டர். ஓட்டுநர் அரை நொடி தாமதித்து பிரேக்கை மிதித்தால், அதற்குள் பேருந்து தன் முழு நீளத்துக்கும் மேலாக முன்னேறியிருக்கும். ஓட்டுநர் ஒருவரின் வலது காலில் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிர் இருந்தது என்பதே இந்நிகழ்வு தரும் பாடம்.

மற்றொரு நிகழ்வு, எல்லைக்கு இப்பால் 2024 ஜூன் மாதம் நடந்தது. பெங்களூரிலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற கார் ஒன்றைக் கோவை மதுக்கரைக்கு அருகே எல் அண்டு டி புறவழிச்சாலையில் ஒரு கும்பல் வாகனங்களால் மறித்தது. முகத்தை மறைத்தவர்கள் இறங்கி வந்து கண்ணாடிகளை உடைத்தனர். காரை ஓட்டியவர் கதவைத் திறக்கவில்லை. கீழே இறங்கி வாதிடவும் இல்லை. கிடைத்த இடைவெளியில் காரைச் செலுத்திச் சுங்கச்சாவடிப் பக்கம் சென்று காவல்துறையின் உதவியை நாடினார். காரில் பொருத்தியிருந்த டாஷ் கேமரா நடந்தவற்றைப் பதிவு செய்திருந்தது. காவல்துறை சிலரைக் கைது செய்தது. இங்கே நோக்கம் கொள்ளை. எனினும், சாலையில் ஒருவர் நம்மை வழிமறித்து அச்சுறுத்தும் எந்த நிலைக்கும் பொருந்தும் மூன்று செயல்களை இந்த ஓட்டுநர் செய்தார். வண்டிக்குள்ளேயே இருந்தார், நகர்ந்துகொண்டே இருந்தார், வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தை நாடினார்.

மது என்ன செய்கிறது?

மது உட்கொண்டவர் முதலில் இழப்பது நிதானத்தை அன்று; தாம் நிதானம் இழந்திருக்கிறோம் என்று உணரும் ஆற்றலை. அதனால்தான் குடித்தவர்கள் 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அடுத்து, தொலைவையும் வேகத்தையும் கணிக்கும் திறன் குறைகிறது. ஓரப் பார்வை மங்குகிறது. முகப்பு விளக்கின் கூச்சத்திலிருந்து கண் மீளக் கூடுதல் நேரமாகிறது. வளைவில் எதிர்வரும் விளக்கொளியைக் கண்டு நொடிப்பொழுதில் முடிவெடுக்கவேண்டிய மலைச்சாலையில் இக்குறைகள் ஒவ்வொன்றும் உயிருக்கு உலைவைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பலரும் அறியாத ஓர் உண்மை உண்டு. உடல் ஆல்கஹாலை வெளியேற்றும் வேகம் ஏறத்தாழ ஒரே சீரானது: மணிக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம். தேநீரோ, மோரோ, குளிர்ந்த நீரில் குளியலோ அதனை விரைவுபடுத்துவதில்லை. நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவில் இருந்த ஒருவருக்குக் காலை 6 மணிக்கும் 60 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். அதாவது சட்ட வரம்பைப் போல இருமடங்கு. 'இரவு குடித்தது உறங்கியதும் தெளிந்துவிட்டது' என்ற எண்ணம் தவறு. ஆகவே விடியற்காலைப் பயணத்திலும் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நெடுஞ்சாலையோர மதுக்கடைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15ஆம் நாள் அளித்த தீர்ப்பு, தமிழ்நாடு அரசுக்கும் கே. பாலு என்பவருக்கும் இடையிலான வழக்கில் பிறந்ததே. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று அது ஆணையிட்டது; 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள இடங்களுக்கு அத்தொலைவு பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. கடை தள்ளிப் போயிற்றே தவிர, எல்லைப்புறத்தின் தனிச்சிக்கல் தீரவில்லை. கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் நாள் மதுக்கடைகள் மூடப்பட்டிருக்கும், தமிழகத்தில் திறந்திருக்கும். குடிப்பதற்காகவே எல்லை கடந்தவர் வீடு திரும்பவும் அதே சாலையில்தான் வண்டி ஓட்டியாகவேண்டும்.

அடையாளம் காண்பது எப்படி?

குடித்துவிட்டு ஓட்டுபவரை அவர் வண்டியே காட்டிக்கொடுக்கும். தடத்துக்குள் நில்லாமல் அலைவது, நடுக்கோட்டின் மீதே ஓடுவது, வளைவில் தேவைக்கு மேல் அகலமாகத் திரும்புவது, காரணமின்றி வேகம் கூடிக் குறைவது, இருட்டிய பின்னும் விளக்கைப் போடாமல் வருவது, எதிரில் ஒன்றும் இல்லாதபோதும் திடீரென பிரேக் பிடிப்பது ஆகியவை முதன்மையான அறிகுறிகள். மிகுந்த களைப்பில் தூங்கி வழிபவரின் வண்டியும் இவ்வாறே செல்லும். காரணம் எதுவாயினும் நாம் செய்யவேண்டியது ஒன்றே: விலகி நிற்பது.

அவ்வண்டி நமக்கு முன்னால் சென்றால் முந்த முயலக் கூடாது. நாம் அருகில் செல்லும் அந்தக் கணத்தில் அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. வேகத்தைக் குறைத்து இடைவெளியைப் பெருக்கவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி இடைவெளி என்பது 50 மீட்டர். இத்தகைய வண்டிக்குப் பின்னால் அதனினும் கூடுதலாக விட்டுச் செல்வது நலம். வாய்ப்பிருந்தால் ஒரு தேநீர்க் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ பத்து நிமிடம் நின்று, அவ்வண்டியைத் தொலைவுக்குப் போகவிடலாம்.

அவ்வண்டி நமக்குப் பின்னால் வந்தால், பாதுகாப்பான இடத்தில் இடப்பக்கம் ஒதுங்கி வழி விடவேண்டும். எதிரே வந்தால், முதலில் நம் வேகத்தைக் குறைத்து, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, ஒலிப்பானை ஒலித்து, இயன்றவரை இடப்பக்கம் ஒதுங்கவேண்டும். உயர் ஒளியை அவர் முகத்தில் பாய்ச்சிப் பாடம் கற்பிக்க நினைப்பது அவரை நம் மீதே வரச்செய்யும்.

மலைச்சாலை மன்னிப்பதில்லை

சமவெளியில் ஒதுங்குவதற்குச் சாலையோரம் உண்டு. போடிமெட்டிலும் குமுளி மலைப்பாதையிலும் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். 2022 டிசம்பர் 23ஆம் நாள் இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் வாகனம் குமுளி மலைச்சாலையில் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் விழுந்ததில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். அதற்கு மது காரணம் என்று நாம் சொல்லவில்லை. இச்சாலையில் கைதவறும் ஒரு கணத்துக்குரிய விலை எவ்வளவு என்பதை நினைவூட்டவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

மலைச்சாலையில் ஒதுங்கும்போது இறங்குபக்க மண் ஓரத்தை நம்பக் கூடாது. மழைக்குப் பின் அது நெகிழ்ந்திருக்கும். சாலை அகன்றுள்ள இடங்களை ஏறும்போதே கவனித்து வைத்தால், தேவைப்படும்போது அங்கே நிற்கலாம். ஏறும் வண்டிக்கே வழியுரிமை. இறங்குபவர் நின்று வழிவிடவேண்டும். ஆனால் எதிரே இறங்கி வருபவர் அவ்விதியை மதிக்கும் நிலையில் இல்லை என்று தோன்றினால், உரிமையைக் கோராமல் நாமே நிற்பது அறிவுடைமை. பார்வை மறையும் வளைவுக்கு முன் ஒலிப்பானை ஒலிப்பதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வதும், வளைவில் ஒருபோதும் முந்தாதிருப்பதும் எல்லோரும் அறிந்த விதிகள். முரட்டு ஓட்டுநர் பின்னாலிருந்து ஒலியெழுப்பி நெருக்கும்போதுதான் இவ்விதிகள் நம் கையிலிருந்து நழுவுகின்றன. அவர் அவசரத்துக்காக நாம் வளைவில் வேகத்தைக் கூட்டவேண்டியதில்லை. அடுத்த அகலமான இடம் வரும்வரை நம் வேகத்திலேயே சென்று, அங்கே வழி விட்டால் போதும்.

மூணாறுக்கும் போடிமெட்டுக்கும் இடைப்பட்ட கேப் ரோடு புதுப்பிக்கப்பட்டு அகலமாயிற்று. அகலம் கூடியதும் சாகசமும் கூடிற்று. ஓடும் காரின் சாளரம் வழியே உடலை வெளியே நீட்டிப் பயணம் செய்தோர் மீது 2024ஆம் ஆண்டு கேரள மோட்டார் வாகனத் துறை அடுத்தடுத்து நடவடிக்கை எடுத்தது. அவ்வாறு செல்லும் வண்டியைக் கண்டால் படமெடுப்பதற்காக அருகில் செல்லவேண்டாம். பதிவெண்ணை மட்டும் மனத்தில் கொண்டு பின்தங்கிவிடுவோம்.

சினத்துக்குச் சினம் மருந்தன்று

சாலைச் சண்டைகள் பெரும்பாலும் சிறிய காரணத்தில் தொடங்குகின்றன. ஒருவர் முந்திவிட்டார், மற்றவர் வழி விடவில்லை, கண்ணாடி லேசாக உரசிவிட்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இருவரும் பயணத்தை மறந்து மானத்துக்காக ஓட்டத் தொடங்குகின்றனர். அந்நிலையில் நம் வசம் உள்ள ஒரே வண்டி நம்முடையதுதான்.

சினங்கொண்டவர் பக்கவாட்டில் வந்து கத்தினால் அவரை உற்றுப் பார்க்கவேண்டாம். கையசைத்துப் பதில் சொல்லவேண்டாம். திடீரென பிரேக் பிடித்து அவரை அச்சுறுத்தவேண்டாம். தவறு நம்முடையதானால் கையை உயர்த்தி மன்னிப்பைத் தெரிவித்து ஒதுங்கிவிடலாம். தவறு அவருடையதானாலும் ஒதுங்கிவிடலாம். இரண்டு நிமிடம் தாமதமாக வீடு சேர்வதில் இழிவொன்றும் இல்லை.

அவர் நம்மைத் தொடர்ந்து வந்தால் வீட்டுக்குச் செல்லக் கூடாது. நம் வீடு எது என்பதை அவர் அறியவேண்டியதில்லை. கதவுகளைப் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றி, காவல் நிலையம், சோதனைச் சாவடி, சுங்கச்சாவடி, மருத்துவமனை, கூட்டமுள்ள பெட்ரோல் பங்க் ஆகியவற்றுள் அருகில் உள்ளதற்குச் செல்லவேண்டும். உடன் இருப்பவர் 112 எண்ணை அழைக்கட்டும். தனியே ஓட்டுபவர் ஓட்டிக்கொண்டே எண்களை அழுத்தவேண்டாம். வெளிச்சமான இடத்தை அடைந்தபின் அழைப்பது நல்லது.

நெரிசலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் நம் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விட்டு நிற்கும் பழக்கம் நல்லது. யாரேனும் வழிமறித்தால், பின்னுக்குச் செல்லாமலே வண்டியைத் திருப்பி வெளியேற அந்த இடம் உதவும். இரு சக்கர வாகனத்தில் செல்வோருக்குப் பூட்டும் கதவு இல்லை. ஆகவே அவர்கள் சொற்போருக்கு நில்லாமல், ஆள்நடமாட்டமுள்ள கடைத்தெருவில் நிறுத்தி, பலர் நடுவே செல்வதே காப்பு. தலைக்கவசத்தைக் கழற்றவேண்டாம்.

விபத்து நேர்ந்து கூட்டம் சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி பலருக்கு உண்டு. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி செய்வதும், காவல்துறைக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் தருவதும் ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறுகிறது. கூட்டத்தின் வெறியாலோ தம் கட்டுப்பாட்டுக்கு மீறிய வேறு காரணத்தாலோ உதவி செய்ய இயலாத நிலையை அதே பிரிவு ஏற்றுக்கொள்கிறது. தாக்கப்படும் அச்சம் உண்மையாகவே இருந்தால் அவ்விடத்தை விட்டு நேரே காவல் நிலையத்துக்குச் செல்லலாம். செல்லும் வழியிலேயே 108 ஊர்திக்கும் 112க்கும் தகவல் தரச் செய்யலாம். ஆனால் தப்பி ஓடி மறைவதற்கு இது அனுமதி அன்று.

நாம் பயணியாக இருக்கும்போது

இதுவே இக்கட்டுரையின் கடினமான பகுதி. சொந்த வண்டியில் முடிவு நம் கையில். பிறர் ஓட்டும் வண்டியில்?

தோட்டத் தொழிலாளர் ஜீப்பை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் ஊர்முனையில் நிற்கும் ஜீப்பில் ஏறினால்தான் அன்றைய கூலி. ஓட்டுநரிடம் மது வாடை வீசுகிறது என்று தெரிந்தும் ஏறும் பெண்கள் அறியாமையால் ஏறுவதில்லை. ஏறாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் ஏறுகிறார்கள். 'ஏறாதீர்கள்' என்று எழுதிவிடுவது எளிது. அது அவர்களுக்கு உதவாது.

ஒருவர் மறுத்தால் அவருடைய கூலி போகும். பத்துப் பேர் சேர்ந்து மறுத்தால் வண்டி நிற்கும். அன்றைய வேலைக்கு ஆள் வேண்டிய தோட்டம் மாற்று ஓட்டுநரை அனுப்பியே ஆகவேண்டும். ஆகவே இதனை விடியற்காலை இருட்டில் தனியொருவராகப் பேசாமல், முன்னதாகவே பேசி முடிவு செய்யவேண்டும். ஜீப்பில் செல்வோர் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம்: குடித்தவர் ஓட்டினால் எவரும் ஏறுவதில்லை. தோட்டத்துக் கணக்கர், கங்காணி, வண்டி உரிமையாளர் ஆகியோரின் எண்கள் இருவரிடமாவது இருக்கட்டும். உரிமையாளரிடம் பேசுவதற்கும் வலுவான காரணம் உண்டு. குடித்தவர் ஓட்டி வண்டி சேதமடைந்தால் அவ்வண்டிக்கான காப்பீட்டுத் தொகை அவருக்குக் கிடைப்பது அரிது. சுய உதவிக் குழுக்கள் தம் வாரக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டால் பயன் பெரிது.

பேருந்திலும் வேனிலும் செல்வோர் ஓட்டுநரை நேரே கண்டிப்பதைவிட நடத்துநர் வழியாகச் சொல்வது நல்லது. "அண்ணே, பிள்ளைங்க இருக்காங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று பணிவாகச் சொல்வது பல நேரம் பயன் தரும். மலையாளம் பேசும் ஓட்டுநரிடம் "சேட்டா, பதுக்கே போகணம்" என்றால் போதும். கேளாவிட்டால், ஒருவர் குரலாக அன்றிப் பலர் குரலாக வண்டியை நிறுத்தச் சொல்லவேண்டும். நிறுத்தச் சொல்லும் இடம் ஆளற்ற காடாக இல்லாமல் ஊராகவோ சோதனைச் சாவடியாகவோ இருக்கட்டும்.

பள்ளிச் சுற்றுலாவுக்கோ கோயில் பயணத்துக்கோ வண்டி அமர்த்தும்போது வாடகையை மட்டும் பேசாமல் நான்கு கேள்விகள் கேட்போம். ஓட்டுநர் முந்தைய பயணத்திலிருந்து எப்போது திரும்பினார்? நீண்ட பயணமாயின் மாற்று ஓட்டுநர் உண்டா? வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இயங்குகிறதா? தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா? வண்டியின் பதிவெண்ணைக் கொண்டு பரிவாகன் தளத்தில் அதன் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றை எவரும் சரிபார்க்கலாம். இரவுப் பயணத்தைத் தவிர்க்க இயன்றால் தவிர்ப்பது நலம்.

எல்லையில் உதவி கேட்பது எப்படி?

நாடு முழுவதற்குமான அவசர எண் 112. ஆம்புலன்ஸ் சேவைக்கு 108 இரு மாநிலங்களிலும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 உதவி எண்ணும் இயங்குகிறது. மலைமேட்டில் நம் கைப்பேசி அண்டை மாநிலக் கோபுரத்தைப் பற்றியிருந்தால், அழைப்பும் அங்கே செல்லக்கூடும். ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே மாநிலத்தையும் மாவட்டத்தையும் சொல்லிவிடவேண்டும். பின்னர் சாலை, கடைசியாகக் கடந்த ஊர், வளைவின் எண் அல்லது கிலோமீட்டர் கல், வண்டி செல்லும் திசை, வண்டியின் வகையும் நிறமும், பதிவெண் என்ற வரிசையில் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். "போடிமெட்டிலிருந்து போடி நோக்கி இறங்கும் வெள்ளை ஜீப், ஒன்பதாம் வளைவு" என்ற ஒரு வரி, பத்து நிமிடப் புலம்பலைவிடப் பயன் மிக்கது.

தகவல் விரைந்து போய்ச் சேர்வதற்கு மற்றொரு தேவையும் உண்டு. குடித்து ஓட்டியதற்காகக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பது சட்டம். நேரம் செல்லச் செல்ல இரத்தத்தில் உள்ள சான்றும் கரைந்துபோகும்.

'விபத்து நடந்தது அந்த மாநிலத்தில், நாங்கள் பதிய முடியாது' என்ற பதிலுக்கு இப்போது இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் தந்தால் மூன்று நாளுக்குள் கையொப்பமிடவேண்டும். இழப்பீட்டு வழக்கையும் விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தொடுக்கலாம். தேவிகுளத்தில் அடிபட்ட தொழிலாளி அதற்காகத் தேனியிலிருந்து மலையேறவேண்டியதில்லை.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவத் தயங்கவேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. அவர்மீது வழக்கு வராது. தம் பெயரைச் சொல்லுமாறும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவர் குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையை முன்பணமின்றிப் பெறலாம்.

கணக்கில் ஒரு காப்பு

விழிப்புக்குப் பின்னும் விபத்து நேரலாம். அப்போது குடும்பம் நிலைகுலையாமல் இருக்கச் சில ஏற்பாடுகளை இன்றே செய்யலாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பற்று வைக்கப்படுகிறது. 18 முதல் 70 வயது வரையுள்ளோர் சேரலாம். விபத்தில் இறப்பு நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், ஒரு கண் அல்லது ஒரு கை அல்லது ஒரு கால் இழந்தால் 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. ஆகவே மே மாத இறுதியில் கணக்கில் இருப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். ஜீப்பில் செல்லும் ஒவ்வொரு தொழிலாளியும் இதில் சேர்ந்திருப்பது நன்று. வாரிசுதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் சரிபார்ப்போம். விபத்துக்குப் பின் வங்கிக்கு வரும் குடும்பங்கள் அலைவதற்குப் பல நேரம் அப்பதிவின்மையே காரணம்.

மோதிவிட்டுத் தப்பிய வாகனம் எதுவெனத் தெரியாவிட்டாலும் இழப்பீடு உண்டு. இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கான விண்ணப்பம் விபத்து நடந்த பகுதியின் வருவாய் அலுவலரிடம் தரப்படவேண்டும். மற்றவர் குடித்து ஓட்டி நமக்குக் காயம் ஏற்பட்டால், அவ்வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டின் வழியாக இழப்பீடு கோரலாம். ஆனால் நாமே குடித்து ஓட்டி நம் கார் சேதமடைந்தால் நிலை வேறு. அத்தகைய கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம் என்பதை 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் உறுதி செய்தது. அப்போது காரும் இராது. காருக்கு வாங்கிய கடனின் மாதத் தவணை மட்டும் நிற்காது.

அடுத்த பயணத்துக்குப் புறப்படுமுன் மூன்று செயல்களைச் செய்து வைப்போம். 112, 108, 1033 ஆகிய எண்களை வீட்டில் உள்ள முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருவோம். வழியில் உள்ள காவல் நிலையங்களையும் நிற்கத்தக்க இடங்களையும் ஒருமுறை பார்த்து வைப்போம். விருந்துக்குச் செல்வதானால், திரும்பும்போது வண்டியை ஓட்டப்போகும் குடிக்காதவர் யார் என்பதைப் புறப்படும்போதே முடிவு செய்வோம். வாளையாறும் போடிமெட்டும் குமுளியும் நாளையும் அங்கேயே இருக்கும். வழிவிட்டு நின்ற நாமும் நம் குடும்பமும் நாளையும் அச்சாலையில் செல்லவேண்டும்.